யாரும் பார்க்காத பத்து நிமிடம்

நடந்த கொலைகளைப் பற்றி எழுதிப் பிழைப்பவன் நான். கோயம்புத்தூர் கோர்ட்டில் பத்திரிகை நிருபராகப் பல வருடம் பெஞ்சைத் தேய்த்ததில் வந்த தொழில். இப்போதெல்லாம் எழுதினால் மட்டும் போதாது, ஒலிநூலாகப் படித்தும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்டூடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கு நாக்கு புரளாது. அதனால் எதிரொலி வராமலிருக்கப் படுக்கையறைச் சுவரெல்லாம் சென்னிமலைப் போர்வைகளைத் தொங்கவிட்டு வீட்டிலேயே படிக்கிறேன். ஃபேனை நிறுத்துவது, குக்கர் வைப்பதைத் தள்ளிப்போடுவது, நான் தப்பாகப் படித்தால் கையைத் தூக்குவது எல்லாம் என் மனைவியின் வேலை. அவள் இல்லாவிட்டால் ஒரு அத்தியாயம் தேறாது.

இந்தப் புத்தகம், வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கணவன் கையால் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுடைய தங்கை இங்கே நர்ஸாக இருக்கிறார். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கொலை நடந்த அத்தியாயத்தைத் தான் கேட்டுச் சரி என்று சொல்லாமல் புத்தகம் வெளியே போகக்கூடாது.

அந்த அத்தியாயத்தை உயிரைக் கொடுத்துப் படித்திருந்தேன். மனைவிதான் முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, கொலைன்னு வந்தா மட்டும் உங்க கொரல்ல ஒரு குஷி வந்துருதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ரசனை கெட்டவள் என்று அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் காபி வேண்டியிருந்ததால் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அந்தத் தங்கை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கத்தி, ரத்தம் எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். நர்ஸ் அல்லவா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திடீரென்று ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா அவன் கால்ல உழுந்து கெஞ்சுச்சுன்னு வருதுங்களே, அதை ஆருங்ணா பாத்தது? எங்கக்கா ஆருகிட்டயும் கெஞ்சற ஆளில்லீங்க."

யாரும் பார்க்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் உடைத்துத் திறக்கப் பத்து நிமிடமானது. அந்தப் பத்து நிமிடத்தை நான்தான் என் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தேன். ஆயுசு முழுக்கச் சாட்சி எங்கே என்று மற்றவர்களைக் கேட்டவன் நான். வெட்கமாக இருந்தது. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

அவர் எதிரிலேயே அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தேன். சொல்லாமலே மனைவி ஃபேனை நிறுத்தினாள். அப்போது அவள்மேல் எனக்குப் பொங்கிய பிரியத்தை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. மெதுவாகப் படித்தேன்: "கதவுக்கு உள்ளே அந்தப் பத்து நிமிடம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது."

அதுவரை கலங்காதவர் அழுதார். மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுவாத கண்ணு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு மாதிரி மாற்றட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இதையே வையிங்க. கெஞ்சியிருந்தாலும் இருந்திருக்குமுங்ணா. நாந்தான் அங்க இல்லாம போயிட்டனே."