அவன் ரத்தம் வேண்டாம்

செங்கல்பட்டில் நான் டாக்டராக இருந்த பெண்கள் வார்டில் ரத்தசோகைக்குப் பஞ்சமே இல்லை. ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே இறங்கி, மூச்சிரைக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான். மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்த்தவர்கள், எல்லாருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியை வழித்துத் தின்றவர்கள். அடுத்தபடி பி12 குறைந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள். பரம்பரை ரத்த நோய் எப்போதாவது வரும். அதனால் வெளுத்த முகத்தைப் பார்த்ததுமே எங்கள் கை இரும்பு மருந்தை எழுதிவிடும்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தவளுக்கும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவளுக்கு ஹீமோகுளோபின் நான்கு. நான் கேட்டதற்கெல்லாம் புருஷனே பதில் சொன்னான்.

"ரத்தம் இல்ல, அவ்ளோதான். டானிக் எழுதிக் குடு டாக்டரம்மா, வூட்டுக்குப் போறோம்."

லேப் ரிப்போர்ட் வேறு கதை சொன்னது. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இவளுடையவை நல்ல அளவு, நல்ல நிறம். அப்படியானால் இருந்த ரத்தம் எங்கேயோ ஒழுகுகிறது. வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே கன்றிக் கறுத்திருந்தது.

"என்னம்மா இது?"

"வழுக்கி வுழுந்துட்டேன்." கண் புருஷன் பக்கம் போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் செத்துவிடுவாள்.

ஏற்றும் ரத்தத்துக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க ஆள் உண்டா என்று நர்ஸ் கேட்டதுதான் தாமதம், அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். "என்னுத எடுத்துக்கோ. என் பொண்டாட்டிக்கு என் ரத்தந்தான்."

பேசத் தெம்பில்லாமல் கிடந்தவள் ட்ரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். விரிப்பெல்லாம் ரத்தம் தெறித்தது.

"இவன் ரத்தம் எனக்கு வாணாம்! வயித்துலயே ஒதச்சான், பாவி! செத்தாலும் சாவறேன், இவன் ரத்தம் என் ஒடம்புல ஓடக் கூடாது!"

சொந்தக்காரர் கொடுக்கும் ரத்தம் அப்படியே நோயாளிக்கு ஏறும் என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். உண்மையில் அது ரத்த வங்கிக்குப் போகும். ஏறுவது வேறு யாருடையதோ. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவன் பாய்ந்து அவள் முடியைப் பிடித்து உலுக்கினான்.

பக்கத்துக் கட்டில்காரி டிபன் கேரியரைத் தூக்கி அவன் மண்டையில் ஒன்று போட்டாள். பிறகு யார் யார் அடித்தார்களோ தெரியாது. பாத்ரூம்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிற பெண்கள், சோறில்லாமல் சோகை பிடித்தவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். அவன் மூக்கு உடைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. கடைசியில் போலீஸ்காரர் வந்து அவனை இழுத்துப் போனார்.

ஊசியை மறுபடி குத்த அவள் கையை நீட்டவில்லை. நர்ஸ் கொண்டுவந்து மாட்டிய ரத்தப் பையையே முறைத்தாள்.

"இது யார்து?"

"தெரியாதும்மா. உன்னை யாருன்னே தெரியாத யாரோ குடுத்தது."

"யாரோவா?" என்றாள். "அப்ப சரி, ஏத்து."

கையை நீட்டினாள்.