நெஞ்சுவலி என்று எழுத ஒப்பாதவர்

பசுமலையில் நான் பெருக்கிக் கழுவுகிற பள்ளிக்கூடத்து வராந்தாவில் நிற்கும்போதுதான் போன் வந்தது. மெகருன்னிசா அக்காவின் தம்பி ஜாபர். "அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். மூன்று நாள் அடிபட்டுக் கிடந்த உயிர் போய்விட்டது. அவரே தொடர்ந்து சொன்னார்: "போலீஸ்ல கேப்பாங்க. ஸ்கூட்டில இருந்து விழுந்துட்டாங்கன்னே சொல்லுங்க, பேச்சியம்மாக்கா. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளை இருக்கு." சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அக்காவோடு வேலை பார்த்தவர்கள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுகாதார அலுவலகத்தில் இறப்புப் பதிவுகளைப் பார்க்கிறவர்கள். யார், எந்தத் தெரு, என்ன வயது, எதனால் என்று பதிவேட்டில் இருப்பதைப் படித்து மேலே அனுப்புவது அவர்கள் வேலை. அதோடு நின்றிருக்கலாம். அவர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்களைப் படிப்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள், வயதைக் குறிப்பார்கள், பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அப்படித்தான் என் மகன் கார்த்தியின் போஸ்டரையும் பார்த்திருக்கிறார்கள்.

கார்த்திக்கு இருபத்திரண்டு வயது. லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. முதுகுவலிக்கு என்று மாத்திரை வாங்க ஆரம்பித்தான். பிறகு அதையே கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டான். தடுத்தேன், அடித்தேன், ஒரு தரம் கையைக் கட்டிப் போட்டேன். ஒருநாள் காலையில் குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. குழவிக் கல்லால் நான்தான் கதவை உடைத்தேன். ஊசி கையிலேயே நின்றது. அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். முழுக்கைச் சட்டை ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு அழுதேன். என்னாச்சு என்று கேட்டவர்களிடம் நெஞ்சுவலி என்றேன். பார்க்க வந்த டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். போலீஸ் வரவில்லை, பிள்ளையை யாரும் அறுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, போஸ்டரில் தம்பி முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாரே, இந்த வெயிலில் எப்போதும் அப்படித்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "தம்பிக்கு எந்தக் கை பழக்கம்?" என்றார்கள்.

எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த செம்பால் ஓங்கி அடித்தேன். இடது புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்கள்: "கேட்டது தப்புன்னா இன்னொருக்கா அடிச்சுக்கங்க. பதிலை மட்டும் சொல்லிருங்க."

வெளியே போ என்று கத்தினேன். போய்விட்டார்கள். மூன்று தையல் போட்டார்களாம். எப்படி ஆச்சு என்று கேட்ட நர்ஸிடமும், வீட்டில் ஜாபரிடமும், கதவு இடித்துவிட்டது என்று சொன்னார்களாம். எனக்குத் தெரிந்து அக்கா சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருவிலேயே இன்னொருவன் செத்தான். கார்த்தியின் கூட்டாளி. எழவு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் தோளைக் கட்டிக்கொண்டு, "நெஞ்சுவலி ஆத்தா, நெஞ்சுவலி" என்றாள். நான் சொன்ன சொல். அது அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஏறி அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். "வலது கைப் பழக்கம். ஊசி இடது கையில இருந்துச்சு" என்றேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். கிழவர்களுக்கு நெஞ்சுவலி என்றால் நம்பலாம். தாடி முளைக்கிற வயதுப் பையன்கள் எல்லாரும் பூட்டிய கதவுக்குள்ளே நெஞ்சுவலி வந்து சாவார்களா? மூச்சு நின்றவனைத் திருப்ப ஒரு ஊசி மருந்து இருக்கிறதாம். அதை ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் வைக்க வேண்டும் என்று கேட்டால், இத்தனை பேர் செத்தார்கள் என்று காட்ட வேண்டும். "நான் எதைக் காட்ட? ஏட்டுப்படி இந்த ஊர்ல ஒருத்தன்கூட அதுல சாகலை, பேச்சியம்மா" என்றார்கள்.

அதிலிருந்து லீவு நாட்களில் நானும் அவர்களோடு போனேன். அக்கா தனியாகப் போனால் கதவு திறக்காது. நான் முதலில் உள்ளே போய் என் பிள்ளையைப் பற்றிச் சொல்வேன். சிலர் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கொதிக்கிற வடிகஞ்சியை ஊற்றினார்கள், என் காலில் இன்னும் தோல் சரியாகவில்லை. ஒரு தகப்பன் அக்காவின் முடியைப் பிடித்துத் தெரு முனை வரை இழுத்துக்கொண்டு போனார். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "இவரு நாளைக்கு வந்து சொல்லுவாரு பாருங்க. நீங்க செம்பைத் தூக்குனீங்க, இவரு வெறுங்கைதானே" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவர் ஒரு வாரம் கழித்து வந்து சொல்லவும் செய்தார்.

பட்டியல் மேலே போனது. மாத்திரை விற்கிறவர்கள் காதுக்கும் போனது. போனில் மிரட்டினார்கள். அக்கா நம்பரை மாற்றவில்லை.

கடைசியாக எழுமலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். நல்ல வெயில். நான் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன், அக்கா எதிரே ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இரும்புக் கம்பியால் அக்காவின் தலையில் இரண்டு தரம் அடித்தான். மண்டை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. "இதையும் உன் கணக்குல சேத்துக்க" என்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் என் வாயை அடைத்தது. ஜாபரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர், விழுந்துவிட்டார்கள் என்று சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சவக்கிடங்கில் போலீஸ் ஏட்டு ஒருவர் உடலைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியிலிருந்து விழுந்தது என்று முதலிலேயே எழுதியாகிவிட்டது. அடையாளங்களைக் குறிக்கும்போது பேனாவால் அக்காவின் புருவத்தைக் காட்டினார்.

"இந்தப் பழைய தழும்பு?"

"அது கதவு இடிச்சது சார்" என்றார் ஜாபர்.

ஏட்டு எழுதக் குனிந்தார். அதையும் தப்பாக எழுதப்போகிறார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

"கதவு இல்லய்யா" என்றேன். "நான் அடிச்சது. செம்பால அடிச்சேன். எம்மகன் ஊசி போட்டுச் செத்தான், நெஞ்சுவலின்னு பொய் சொன்னேன். உண்மையைக் கேட்டாங்கன்னு அடிச்சேன். எழுதிக்கங்க."

ஜாபர் என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி அக்காவின் புருவத்தில் விரலை வைத்தார். "எங்கிட்டயும் கதவுன்னுதானே சொன்னே" என்று அக்காவிடமே சொன்னார். பிறகு ஏட்டிடம், "முதல்ல எழுதினதை அடிச்சுருங்க சார். அக்கா விழலை. அடிச்சுக் கொன்னாங்க. இவங்க பாத்தாங்க" என்றார்.

பார்த்ததை எல்லாம் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். அந்த இரண்டு பேரும் இன்னும் பிடிபடவில்லை. என் முகம் அவர்களுக்குத் தெரியும். தெரியட்டும்.

வீட்டில் வெள்ளைத் துணியால் முகத்தை மூடும் முன் பெண்களை ஒருதரம் பார்க்க விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே புருவத்தில் அந்தக் கோடு மட்டும் தெரிந்தது.

போயிட்டு வாங்க அக்கா. உங்க ஏட்டுல இப்ப உங்களைச் சரியா எழுதிட்டாங்க.