பங்குனியில் கட்டிய தாலிக்கயிறு

கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால், கடன் கொடுத்தவர்களை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பது குமாரபாளையத்தில் வழக்கம். ரூபாய்க்கு இத்தனை பைசா என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. எங்கள் தறிப்பட்டறை மூடிய பிறகு அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் வந்தது.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் வீட்டை ஏழை வீடாக்கும் வேலை நடந்தது. நடத்தியவர் என் நாத்தனாரின் வீட்டுக்காரர். இதே மாதிரிக் கூட்டத்தைத் தன் வீட்டில் நடத்தித் தப்பித்தவர் என்பதால் தன்னைப் பெரிய நிபுணர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ், டிவி, சோபா எல்லாம் டெம்போவில் ஏறி அவர் வீட்டுக்குப் போயின. டிவி இருந்த இடத்தில் சுவர் பளிச்சென்று தெரிந்ததால் அங்கே ஒரு சாமி காலண்டரை மாட்டினார். என் கணவரோ எல்லாவற்றுக்கும் "சரிங்க மச்சான்" என்றார். தறி ஓடிய காலத்தில் ஒரு இழை அறுந்தால் பட்டறையே அதிரக் கத்தியவர் அவர்.

"காபி கீபி போட்றாதீங்க அம்மிணி. பால் வாங்கக் காசிருக்குதுன்னு நெனப்பாங்க. சொம்புல தண்ணி வெச்சாப் போதும்," என்றார் நாத்தனாரின் வீட்டுக்காரர். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "கொடியக் கழட்டிக் குடுத்துருங்க. எம்பட பீரோவுல பத்திரமா இருக்கும். தாலிய மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்குங்க."

என் அப்பா போட்ட தங்கத் தாலிக்கொடி. கொடுத்துத் தொலைத்தேன். கட்டிய கயிறு புதுசாகப் பளிச்சென்று இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நேத்து வாங்குனதாட்டத் தெரியுதுங்க. எண்ணெயும் சட்டிக் கரியும் தொட்டுத் தேச்சு உட்ருங்க," என்றார்.

தாலிக்கயிற்றில் கரி பூசச் சொன்ன மனிதர், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் கரி பூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூல் வியாபாரிகளும் பைனான்ஸ்காரர்களும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கடன் கொடுத்தவர்களில் ஒரே பெண், அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. கணவரை இழந்தவர். அவர் கூடத்தில் உட்காராமல் நேராகச் சமையலறைக்கு வந்தார். என் கழுத்தையே பார்த்தார்.

"ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குது கண்ணு. இப்பவே கயிறு மாத்தீட்டயா?"

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடிப்பெருக்கன்று காவிரியில் குளித்துவிட்டுத்தான் புதுக்கயிறு கட்டுவோம். பங்குனியில் ஒருத்தி கழுத்தில் புது மஞ்சள் தெரிந்தால், நேற்று வரை அங்கே கொடி கிடந்தது என்று எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். நிபுணருக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"அவிய போனப்பறம் எங் கொடிய வித்துத்தான் உங்களுக்குக் குடுத்தேன் சாமி," என்றார் அந்தம்மா. திட்டவில்லை. "கொஞ்சம் தண்ணி குடு."

சொம்பைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நாத்தனாரின் வீட்டுக்காரர் எல்லோரையும் கும்பிட்டபடி, "இந்த ஊட்டுல குந்துமணித் தங்கம் இல்லீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பீரோவுல இருக்கற எங் கொடியக் கொண்டாந்து குடுங்க. அந்தம்மாளுக்குக் குடுக்கோணும்," என்றேன்.

என் கணவர் தலையைத் தூக்கவில்லை. நாத்தனாரின் வீட்டுக்காரர் என்னை நேராகப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்.

"எந்தக் கொடிங்க அம்மிணி?"