ஹில்மாரின் மூன்றாவது புட்டி

ரக்னா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பெட்ரா பெரியம்மாவின் அடுப்படியில். அம்மா ஏதோ பேச்சுவாக்கில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். காட் மீனின் வயிற்றைக் கிழித்து ஈரலை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா கத்தியைப் பலகைமேல் வைத்தாள். “அவ பேர இங்க சொல்லாத” என்றாள். மறுபடி கத்தியை எடுத்து அடுத்த மீனைக் கிழித்தாள். அவ்வளவுதான்.

பெட்ரா என் அம்மாவுக்கு நேர் மூத்தவள். அவள் புருஷன் ஹில்மார் என் அப்பாவுக்குச் சித்தப்பா மகன். எங்கள் தீவில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இப்படித்தான், யாரைத் தொட்டாலும் சொந்தமாக இருப்பார்கள். ரக்னா மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. தெற்கே உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பண்ணைக்காரன் மகள். கூடப் பிறந்தவர்களில் இரண்டு பேரைக் காசநோய்க்குக் கொடுத்தவள். துரோன்ஹெய்ம் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு படித்துவிட்டு, பெண்கள் சங்கம் வைத்த வேலைக்கு 1929இல் எங்கள் தீவுக்கு வந்து இறங்கினாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

வேலை என்றால் மருந்து கொடுக்கிற வேலை இல்லை. அந்த நோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. வீடு வீடாகப் போக வேண்டும், படகு வலித்தும் பனிக்காலத்தில் சறுக்குக் கட்டையிலும். பிள்ளைகளை எடை போட வேண்டும். சன்னலைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். இருமுகிறவர்களைத் தனிப் படுக்கையில், தனித் தட்டில், தனிக் கரண்டியில் வைக்க வேண்டும். பிறகு சளி எடுக்க வேண்டும். கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் புட்டி. அதில் துப்புகிறவனைக் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே பெயர் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கிக் கப்பலில் மாவட்ட டாக்டருக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் தீவுக்கு வருவது வருடத்துக்கு நாலு தடவை. மற்ற நாளெல்லாம் அவருக்குக் கண்ணும் காதும் நர்ஸ்தான். அவள் என்ன எழுதி அனுப்புகிறாளோ அதுதான் நிஜம். “நீ பார்க்காததை எழுதாதே” என்று பயிற்சியில் தலைமை நர்ஸ் தினமும் சொல்வாளாம்.

கிருமி இருக்கிறது என்று சீட்டு வந்தால் அடுத்த கப்பலில் சானடோரியத்துக்கு, அதாவது காசநோய் ஆஸ்பத்திரிக்கு, ஏற்றிவிட வேண்டும், சட்டம் அது. தாயாக இருந்தாலும் சரி, பால் குடிக்கிற பிள்ளை கையில் இருந்தாலும் சரி. ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு பேரைக் கப்பலேற்றினாள். திரும்பி வந்தவர்கள் பதினாறு. ரக்னா ஒரு வீட்டுப் படியேறினால் பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆனாலும் யாரும் அவளுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை.

அந்தப் பதினாறு பேரில் ஒருவன் ஹில்மார். பதினாலு மாதம் சானடோரியத்தில் கிடந்து, விலாவில் ஊசி குத்தி நெஞ்சுக்குள் காற்றேற்றி நுரையீரலைச் சுருங்க வைக்கிற வைத்தியமெல்லாம் பார்த்துக்கொண்டு, 1934 கோடையில் வீடு வந்தான். சனவரியில் அண்ணன் படகில் லோஃபோட்டன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போக வேண்டும். ஒரே குடிசையில் ஆறு ஆண்கள் படுக்கிற இடம் அது. அதனால் மூன்று தடவை சளி சுத்தம் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் அண்ணன் ஏற்றிக்கொள்வான். செப்டம்பரில் சுத்தம். அக்டோபரில் சுத்தம். நவம்பர் கடைசியில் மூன்றாவது புட்டியோடு ரக்னா வந்தாள்.

“துப்புங்க ஹில்மார்.”

“எதத் துப்ப? கெணறு வத்திப்போச்சு சிஸ்டர்.” இருமி இருமிப் பார்த்தான். கொஞ்சம் எச்சில்தான் வந்தது.

“எச்சில் ஆகாது. நெஞ்சுலேர்ந்து வரணும்.”

“யோவ், ராவெல்லாம் இருமி ஊரையே எழுப்புன ஆளு. இன்னிக்குன்னு பாத்து நல்ல புள்ளையாயிட்டியா?” என்றாள் பெட்ரா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

“இவளுக்கு இருமுனாலும் குத்தம், இருமாட்டியும் குத்தம். சிஸ்டர், நீங்கதான் படியேறும்போதே லொக்கு லொக்குன்னு வந்தீங்களே, உங்களுதயே ரெண்டு துளி துப்பி அனுப்பி விடுங்க. டாக்டரு என்ன மோந்தா பாக்கப் போறாரு?”

பெட்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். ரக்னாவும் சிரித்தாள். அந்த எச்சிலோடு புட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருமல் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஈரக் காற்றில் படகு வலித்தால் யாருக்குத்தான் இருமல் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்துப் பாவாடைக் கொக்கியை இரண்டு தடவை உள்ளே தள்ளித் தைத்தாயிற்று. மற்றவர்களிடம் இதே அடையாளங்களைப் பார்த்திருந்தால் அன்றைக்கே புட்டியை நீட்டியிருப்பாள். தன் பெயரில் ஒரு புட்டி அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. புட்டிகள் அடுக்கிய மரப்பெட்டி, கீழே இருந்த கடைக்காரி கை வழியாகத்தான் கப்பலுக்குப் போகும். கடைக்காரி ஒவ்வொரு சீட்டையும் படிப்பாள். சாயங்காலத்துக்குள் சிஸ்டருக்கே நோய் என்று தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அவள் எடை போடுகிற பதினோரு கைக்குழந்தைகளின் தாய்மார்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஹில்மாரின் எச்சிலை டாக்டர் திருப்பி அனுப்புவார், அதுவும் அவளுக்குத் தெரியும். மறுபடி எடுத்து அனுப்பினால் சனவரிப் படகு போய்விடும். கடைக்கு மேலே இருந்த தன் அறையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தபோது இருமல் வந்தது. அடிநெஞ்சிலிருந்து வந்தது. திறந்த புட்டி எதிரில் இருந்தது. அவன் எச்சிலின் மேல் அவள் துப்பி மூடினாள். சுத்தம் என்று வந்தால் அவனுக்குச் சீட்டு, தனக்கு நிம்மதி. கிருமி இருக்கும் என்பதை “நெனைக்காம இருக்கப் பாத்தேன்” என்று பின்னால் பெரியம்மாவிடம் சொன்னாளாம்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் பதில் வந்தது. ஹில்மாருக்குக் கிருமி நிறைய. வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏற்றவும்.

அவள் அந்தச் சீட்டோடு பெட்ரா வீட்டுக்குப் போனாள். பெட்ரா லோஃபோட்டனுக்குப் போகிற பெட்டியில் தட்டை ரொட்டியும் வெண்ணெய்க் கட்டியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரக்னாவின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

“அந்த ரெண்டு சொட்டுலயா அவ்வளவு இருந்துச்சு?” என்றான் ஹில்மார்.

“டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நேத்துகூட மலை மேல வெறகு தூக்கிட்டு வந்தேன். மூச்சு வாங்கல.”

“சிஸ்டர், மறுபடி ஒரு தடவ எடுத்துப் பாருங்களேன்” என்றாள் பெட்ரா. “தப்பா இருக்கலாம்ல? எத்தன புட்டி போவுது, மாறியிருக்கலாம்ல?”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. இரண்டு பேருடையதும் கலந்திருந்ததே, ஒருவேளை கிருமி அவனுடையதாகவும் இருக்கலாம் இல்லையா என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்து அவளைப் பிடித்துக்கொண்டது. “சட்டம் இதுதான் பெட்ரா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு மட்டும் காபி குடிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். கடையில் ஒரு தொலைபேசி இருந்தது. அதில் பேசினால் கடைக்காரியும் அவள் மாமியாரும் பின்னால் நிற்பார்கள். அதனால் கடிதம் எழுதினாள். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் டாக்டருக்கு எழுதினாள். இன்னொரு புட்டியில் துப்பித் தன் பெயரை எழுதி ஒட்டினாள். இரண்டையும் மரப்பெட்டியில் வைத்துத் தானே ஆணியடித்து, கடையில் கொடுக்காமல் வெள்ளிக்கிழமை கப்பல் துறைக்குத் தூக்கிப் போனாள்.

பெட்ராவுக்குக் கையசைத்துவிட்டுக் கப்பலேறப் போன ஹில்மார் அவளைப் பார்த்து நின்றான்.

“பெட்டிய ஏன் நீங்க சொமக்குறீங்க? குடுங்க. நான்தான் அங்க போறேனே.”

“வேண்டாம், நானே...”

“குடுங்க சிஸ்டர். இன்னிக்கு எத்தன பேரோட துப்பல நான் சொமக்குறேன்?”

அவள் கொடுத்துவிட்டாள். அவன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பலகைமேல் ஏறிப்போனான்.

மாவட்ட டாக்டர் ஊரில் இல்லை. வெளித்தீவுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர் புயலில் மாட்டிக்கொண்டார். பெட்டி ஒன்பது நாள் அவர் மேசையில் கிடந்தது. அதற்குள் சானடோரியத்தில், கிருமி இருக்கிறது என்ற சீட்டை வைத்துக்கொண்டு மறுபடி காற்றேற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது ஊசியில் காற்று ரத்தக்குழாயில் போய்விட்டது. சிகிச்சை மேசையிலேயே ஹில்மார் போய்விட்டான். முப்பத்தொரு வயது.

டாக்டர் கடிதத்தைப் படித்தது அதற்கு மறுநாள். ரக்னாவைக் கூட்டிப்போக அவரே வந்தார். கடைக்கு மேலே அவள் அறையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று பேசினாராம்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“பெட்ராகிட்ட இப்பவே போய்ச் சொல்லப் போறேன்.”

“சொல்லக் கூடாது. சொன்னா இந்தத் தீவுல இனிமே ஒருத்தன் புட்டியில துப்புவானா? உனக்கு அடுத்து வர்ற பொண்ணுக்கு எவன் கதவத் தொறப்பான்? நாப்பது வீட்டுல கிருமி இருக்கு ரக்னா.”

அவர் சொன்னது பொய் இல்லை. அவள் கீழ்ப்படிந்தாள். ஹில்மாரின் உடல் எந்தக் கப்பலில் வந்ததோ அதே கப்பலில் அவள் போனாள்.

நாலரை வருடம் சானடோரியத்தில் கிடந்தாள். நுரையீரலை நிரந்தரமாகச் சுருக்க இடது பக்கம் எட்டு விலா எலும்புகளை எடுத்தார்கள். யுத்தத்தில் ஜெர்மன்காரன் நாட்டைப் பிடிக்க வருவதற்கு முந்தின கோடையில், ஒரு தோள் கீழே சரிந்தவளாகத் தீவுக்கு வந்து பெட்ராவின் கதவைத் தட்டினாள். பெரியம்மா முதலில் அடையாளம் தெரியாமல் உட்கார வைத்துக் காபி ஊற்றினாள். ரக்னா நவம்பர் மாதத்திலிருந்து தொடங்கி டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுப் பெரியம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“கப்பல் கெளம்பும்போது உனக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சந்தேகமா, தெரியுமா?”

“தெரியும்.”

பெரியம்மா ரக்னாவின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து, காபியைக் கழுநீர் வாளியில் கொட்டினாள்.

“ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. சங்கத்துக்கு எழுதுங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன்” என்றாள் ரக்னா.

“சொல்ல மாட்டேன்” என்றாள் பெரியம்மா. “எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. சின்னவ ரெண்டு வாரமா இருமுறா. நாளைக்குப் புது சிஸ்டர் புட்டியோட வருவா. அவ துப்பியாகணும். நானும் பக்கத்துல நின்னு துப்புடின்னு சொல்லியாகணும். நீ போயிரு.”

ரக்னா எழுந்து போனாள். பெரியம்மா சொன்னபடியே இருந்தாள். தன் தங்கையிடம், அதாவது என் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா சாகிறதற்கு முன் என்னிடம் சொன்னாள். பெரியம்மாவும் போய்ப் பதினொரு வருடம் ஆகிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய சின்ன மகள் கேர்டாவுக்குப் புட்டியில் கிருமி இருந்தது. ஒன்றரை வருடம் போய் இருந்துவிட்டுப் பிழைத்து வந்தாள்.

ரக்னா அதன்பிறகு நர்ஸ் வேலை பார்க்கவில்லை. அதே சானடோரியத்தில், அதை மூடுகிறவரை, துணி அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது போடோ ஊர் முதியோர் இல்லத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். எண்பத்து நான்கு வயது.