பலூனுக்கு அடியில் இருந்த முகம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்னும் பிடிபடவில்லை. பொறுத்துக்கொண்டு படிக்கவும். இப்போது கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

1. தலை இல்லாத ஆள்

லாரிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டச்சிங் வேலைக்கு, அதாவது படம் திருத்துகிற வேலைக்கு, சேர்ந்தேன். அங்கே மாதம் ஒரு காமிக்ஸ் அச்சாகும். செங்கழுகு என்ற முகமூடி வீரனின் பழைய வெளிநாட்டுக் கதைகள். படத்து ஆட்களின் பேச்சை எழுதுகிற பலூனுக்குள் இருக்கிற இங்கிலீஷை வெள்ளைப் பெயின்ட் வைத்து நான் அழிப்பேன். காதர் பாய் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டுவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தை மட்டும் பார்ப்பேன்.

அந்தக் கதைகளில் ஒரு வேடிக்கை உண்டு. செங்கழுகுக்குத் தான் ஒரு படம் என்பது தெரியும். திடீரென்று தன்னை வரைகிறவர்களின் ஆபீசுக்கே வந்து, “ஏன் என்னை இத்தனை அடி வாங்க வைக்கிறீர்கள்?” என்று சண்டை பிடிப்பான். அப்படி ஒரு பக்கம் வந்தபோது மொதலாளி சொன்னார்:

“வெள்ளைக்காரன் ஆபீசு நம்ம பசங்களுக்கு எதுக்கப்பா? நம்ம பிரஸ்ஸையே போட்டு உடு.”

கட்டிங் மிஷின், கடிகாரம், வாசல் பெஞ்சு எல்லாம் போட்டேன். காதர் பாயையும் தொப்பியோடு போட்டேன்.

“ஏம்ப்பா, உன்னையக் காணோம்?” என்றார் பாய்.

“நமக்கு எதுக்குங்க பாய்.”

“செங்கழுகே வந்திருக்கான், நீ ஒளிஞ்சுக்கிறியாக்கும்.”

கடைசிக் கட்டத்தில் செங்கழுகு பேசுகிற பலூன் ஒன்று, பின்னால் நிற்கிற ஆளின் தலையை மறைத்திருந்தது. மொதலாளி அந்தப் பேச்சே வேண்டாம் என்று அடித்துவிட்டார். பலூனை எடுத்தால் அடியில் படம் இருக்காது. வரைகிறவர் பலூனுக்கு இடம் விட்டுத்தான் வரைந்திருப்பார். அந்த ஆளுக்குக் கழுத்துக்கு மேல் வெறும் வெள்ளை.

தலை ஒன்று போட்டேன். யாரையும் மனதில் வைத்துப் போடவில்லை. கை போன போக்கில் ஒட்டிய கன்னம், தூக்கின பல், ஒரு முகம் வந்தது. பிரஷ்ஷிலிருந்து ஒரு மயிர் பிரிந்து, இடது புருவத்தின் குறுக்கே கோடு விழுந்தது. வெட்டுத் தழும்பு போல இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறதென்று விட்டுவிட்டேன்.

2. வால்பாறையிலிருந்து வந்த அம்மணி

புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒரு பெண் பிரஸ்ஸுக்கு வந்தது. தலையில் எஸ்டேட் பெண்கள் கட்டுகிற துண்டு. பெயர் செல்வி. அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முகத்தில் விரலை வைத்தது. அதாவது, நான் போட்ட முகத்தில்.

“இது எங்கண்ணன் தங்கராசுங்க. இவனை எங்க பாத்தீங்க?”

எனக்குப் பெண்களிடம் பேச வராது. பாய்தான் விசாரித்தார். அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவன். போனால் போனதுதான், கடுதாசி கிடையாது. அவனுக்கு இந்தப் புத்தகம் என்றால் உயிராம். திரும்பி வந்தால் கேட்பான் என்று செல்வி மாதாமாதம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, பெட்டியில் அடுக்கி வைக்கிறதாம்.

“இப்ப அப்பா போயிட்டாருங்க. தை முடியறதுக்குள்ள அண்ணன் வந்து அவரு வேலைல சேந்தாத்தான் எஸ்டேட்டுல குடுத்த லைன் வீடு எங்களுக்கு. இல்லீன்னா அம்மாவோட நான் எங்கீங்க போவேன்?”

“அம்மணி, இது இந்தாளு சும்மா வரைஞ்சது. இவரு யாரையும் பாக்கலை” என்றார் மொதலாளி.

செல்வி என்னைப் பார்த்தது. “பாக்காம எப்பிடீங்க அந்தப் பல்லு வரும்?” பிறகு படத்தை மறுபடி பார்த்து, “இந்தப் புருவ வெட்டு மட்டும் அவனுக்கு இல்லீங்க” என்றது.

சாயங்காலம் வரை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல.

3. பெஞ்சு

பேச வராதவன் வேறு என்ன செய்வது? அடுத்த புத்தகத்திலும் பிரஸ் வருகிற மாதிரி ஒரு கட்டம் வேண்டும் என்று மொதலாளி சொன்னபோது, பெஞ்சில் செல்வியைத் தலைத்துண்டோடு வரைந்தேன். எதிரே செங்கழுகு. பாய் பலூன் எழுதினார். “யாருக்கம்மா காத்திருக்கிறாய்?” “எங்கண்ணனுக்கு. தைக்குள் வரணும்.”

மொதலாளி பார்த்துவிட்டு, “கதைக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார். ஆனால் அடிக்கவில்லை.

4. வந்தவன்

தை பாதி போயிருந்தது. ஒரு மத்தியானம் தலை நிமிர்ந்தேன். நான் வரைந்த முகம் வாசலில் நின்றது. என் பிரஷ்ஷில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு இடது புருவத்தில் பிளாஸ்திரி, கையில் பெஞ்சுப் படம் வந்த எங்கள் புத்தகம்.

“ஏனுங்க, இந்த பெஞ்சுல உக்காந்திருந்த புள்ள எங்கீங்க?”

பாய் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே பெஞ்சைத் தடவினான். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலையாம். கோயமுத்தூர்ப் பக்கமே வந்ததில்லையாம்.

“மொதப் புத்தகத்துல என்னைப் பாத்துச் சிரிச்சேனுங்க. எல்லாம் நம்ம மாதிரியே இருக்குது, வெட்டு மட்டும் நமக்கு இல்லியேன்னு ரூம்ல எல்லாத்துக்கும் காட்டுனேன். போன வாரம் டிரம்மு சறுக்கி மூஞ்சில அடிச்சுபோட்டுது.” பிளாஸ்திரியை மெல்லப் பிரித்தான். என் பிரஷ் மயிர் போன அதே சாய்வு.

அப்புறம் என்னிடம், மரியாதையாகத்தான் கேட்டான். “என் மேல வேற ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?”

அந்தப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் பார்த்தோம். வேறு ஒன்றும் இல்லை. “இல்லீங்க” என்றேன். அன்றைக்கே காந்திபுரம் போய் பஸ் ஏறினான். அண்ணன் வேலையில் சேர்ந்துவிட்டான், லைன் வீடு கைவிட்டுப் போகவில்லை என்று செல்வி பொள்ளாச்சி ஆள் ஒருவரிடம் தேயிலைத்தூள் கொடுத்துச் சொல்லியனுப்பியது.

அவன் போனதும் பாயிடம் கேட்டேன், அந்தத் தலையை மறைத்திருந்த பலூனில் என்ன எழுதியிருந்தது என்று. பாய் மூலப் புத்தகத்தை எடுத்துப் படித்தார்.

“தமாசுக்கு எழுதியிருக்கான்ப்பா. செங்கழுகு படம் போடறவன்கிட்டச் சொல்றான். ‘கையப் பாத்து வை. நீ கோடு இழுத்தா ரத்தம் எங்களுக்குத்தான் வருது.’”

பிள்ளைகளே, பலூனை எடுக்க நேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு அலமாரியைப் போடுங்கள், கதவைப் போடுங்கள். முகம் போட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் பிரஷ்ஷைக் கழுவி, மயிர் உதிர்கிறதா என்று பாருங்கள். நான் இன்றும் பார்க்கிறேன்.

எழுதி முடித்தது 1998, மாசி ஒன்பது.