முழங்காலில் இடிக்கும் லீவர்

பக்கெட்டை இறக்கும் லீவர் ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு நேர் முன்னால் இருந்தது. ஒரு வருடம் நான் கத்திக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். இது யாருக்குமே புரியாமல் இல்லை. புரிந்துகொண்டேதான் தலையாட்டினார்கள், அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால் இருந்தது கிடங்கு. துறைமுகத்தில் இறங்கும் பொட்டாஷ் உரம் மூட்டை கட்டாமல் அப்படியே லாரியில் வந்து அங்கே கொட்டப்படும். செங்கல்பொடி நிறத்தில் கூரைவரை குவிந்திருக்கும். அதை அள்ளி மூட்டை பிடிக்கும் மெஷினில் கொட்ட ஒரு சின்ன டிராக்டர். கதவு தாழ்வு, தூண்கள் நெருக்கம், பெரிய வண்டி உள்ளே திரும்பாது. தூசிக்காகக் கண்ணாடி அடைத்த கேபினோடு வாங்கினார்கள். முன்பக்கம் அள்ளும் பக்கெட்டைப் பிறகு தனியாக மாட்டினார்கள். அதற்கான லீவருக்குக் கேபினுக்குள் யாரும் இடம் யோசித்திருக்கவில்லை. மாட்ட வந்த டீலரின் ஆள் கண்ணில் பட்ட இடத்தில் பிராக்கெட்டை வைத்து இரண்டு போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விட்டான்.

லீவரை முன்னால் தள்ளினால் பக்கெட் இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். பிரேக் மிதிக்க வலது காலைத் தூக்கினால் முழங்கால் லீவரை முன்னால் தள்ளிவிடும். ஆக, எதிரே ஆள் வந்ததைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போட்டால், பக்கெட் அந்த ஆள் மேலேயே இறங்கப் பார்க்கும்.

அந்த வண்டியை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்பேன், அவருக்கு நான் மச்சான். அவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வலது முழங்காலை வெளியே விரித்துக் கதவோடு ஒட்டவைத்து, பாதத்தின் ஓரத்தால் பிரேக்கை மிதிப்பார். நாள் முழுக்க அப்படியே. கதவின் கைப்பிடி உரசி உரசி முழங்காலின் வெளிப்பக்கம் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. தெருவில் நடந்தால் கால் அகன்றே வரும். ராயபுரம் பஸ் நிறுத்தத்தில் அவருடைய தோஸ்து ஒருவர், குதிரையை எங்கே கட்டிவிட்டு வந்தாய் மாமு என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வித்தையையும் மீறி இரண்டு முறை பக்கெட் இறங்கியிருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. இரண்டு முறையும் மாமாவுக்குத்தான் மெமோ கொடுத்தார்கள், கவனக்குறைவு என்று. மூன்றாவது முறை நடந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்பதை மேனேஜர் வாயால் சொல்லியே விட்டார். இறக்கிவிட்டால் மூட்டை தூக்க வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எந்த மூட்டையைத் தூக்குவது?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து அதே கிடங்கில் பராமரிப்புப் பிரிவில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் வாரமே மேனேஜரிடம் போய் லீவரை இடம் மாற்ற வேண்டும் என்றேன். கையை வைத்தால் வாரண்டி போய்விடும், எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிக் கேட்கலாம் என்றார். எழுதினேன். படம் வரைந்து, பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கடிதம் எழுதினால் வேலை நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை முழுசாக நம்பிய முட்டாள் நான்.

பதினோரு மாதம் கழித்து அனுமதி வந்தது, அதுவும் பாதி. கேபினில் துளை போடக் கூடாது, பிராக்கெட்டை அசைக்கக் கூடாது, வேண்டுமானால் லீவரின் கம்பியை மட்டும் வளைத்துக்கொள்ளலாம். சரி, அதையாவது செய்வோம் என்று கிளம்பினேன்.

அளவு எடுக்கும் நாளில் மேனேஜரும் டீலரின் ஆளும் வந்து நின்றார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் டேப்போடு இருந்தேன். மாமாவின் இருக்கையில் எப்போதும் போல ஒரு சாக்கு மெத்தை கிடந்தது. மணலியிலிருந்து துறைமுகம் வரை எந்தக் கிடங்கில் எந்த லோடர் வண்டியைத் திறந்தாலும் இருக்கையில் இப்படி ஒன்று இருக்கும். நாலு உரச் சாக்கை மடித்து, பழைய புடவையில் உறை போட்டுத் தைத்தது. சொகுசுக்காக அல்ல. இருக்கை தாழ்வாக இருப்பதால், அது இல்லாமல் உட்கார்ந்தால் பானெட்டைத் தாண்டிப் பக்கெட்டின் முனை தெரியாது. மாமாவின் மெத்தைக்கு உறை தைத்தது என் அக்கா. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்.

டீலரின் ஆள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். கலீஜாக இருக்கிறதே, இதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்கள் என்றான். மாமா கைநீட்டித் தடுத்தார்.

"அது இல்லாம முனை தெரியாது மச்சான்."

"அளவு எடுக்கிறப்ப வேண்டாம். அப்புறமாப் போட்டுக்குங்க."

போட்டுக்குங்க. மாமாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. வீட்டில் பேசுவது ஒன்று, அந்த இரண்டு பேர் முன்னால் என் வாயிலிருந்து வந்தது ஒன்று. சாக்கு மெத்தையை நானே உருவி வெளியே போட்டேன். எப்போதும் வெறுங்காலோடு ஓட்டுகிறவரைப் பாதுகாப்பு ஷூ போடவைத்து, கையேட்டின் படத்தில் இருக்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி அளந்தேன். கம்பியைச் சூடாக்கி முன்பக்கமாக வளைத்தேன். முழங்காலுக்கும் லீவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி கிடைத்தது. மேனேஜர் என் தோளில் தட்டினார். டீலரின் ஆள் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அவர்கள் போனதும் மாமா ஷூவைக் கழற்றிப் போட்டார். சாக்கு மெத்தையை எடுத்துத் தட்டி, இருக்கையில் போட்டு ஏறி உட்கார்ந்தார். தொடை உயர்ந்ததும் முழங்காலும் உயர்ந்தது. மூன்று விரல் எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவரோ லீவரைச் சரி செய்தாகிவிட்டது என்று நம்பி, காலை விரித்து உட்காருவதை விட்டுவிட்டார். மச்சான் செய்தது ஆயிற்றே.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பக்கெட் இறங்கியது. சிந்திய உரத்தைக் கூட்டி அள்ளும் அக்கா ஒருவர், நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிறவர், வண்டியின் முன்னால் முறத்தோடு குனிந்திருந்தார். மாமா அவரைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தார். முறம் நசுங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அந்த அக்கா கையை அப்போதுதான் இழுத்திருந்தார்.

சத்தம் கேட்டு ஓடினேன். மாமா கேபினில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அந்த அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீ தானே நைனா இத்த ரிப்பேரு பண்ண? என் கை போயிருந்தா எதுல கூட்டுவேன், உன் சர்ட்டிபிகேட்லயா?"

சாயங்காலம்வரைகூடப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஆங்கிலத்தில் அடித்த தாள் தயாராக இருந்தது. இவ்வளவு வேகம் அந்த ஆபீசில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இது வெறும் ஃபார்மாலிட்டி, உங்கள் மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார் என்னிடம். மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், நான் அங்கே இருக்கிறேன் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

தாளை இழுத்துப் படித்தேன். இருக்கையில் அனுமதி இல்லாத பொருளை வைத்து உயரத்தை மாற்றிக்கொண்டது நான், நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று மாமா சொல்வதாக இருந்தது. கடைசியில் இன்னொரு வரி. பராமரிப்புப் பிரிவு லீவரில் செய்த மாற்றம் அளவின்படி சரியாகவே இருந்தது. அந்தப் பராமரிப்புப் பிரிவு நான். அவர் கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடுவேன். என்னைத் தப்பவைக்கும் வரியை என் கையாலேயே அவரிடம் நீட்டச் சொல்கிறார்கள்.

ஆபீஸ் தமிழ் எல்லாம் போய்விட்டது.

"மாமா, போடாத. தப்பு உன் மேலன்னு எழுதிக்கீது. நான் பண்ணது கரீட்டுன்னு எழுதிக்கீது."

மாமா பேனாவைக் கீழே வைத்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, உங்களை நிரந்தரம் ஆக்குவதைப் பற்றிப் போன வாரம்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று மெதுவாகச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை, மரியாதையாக இருந்திருக்காது.

மாமா பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தார்.

"சாக்கு இல்லாம ஓட்ட முடியும்னா ஓட்டிக் காமிங்க சார். நான் வெளிய நின்னு பாக்குறேன்."

வெளியே பன்னிரண்டு லாரிகள் மூட்டைக்காக நின்றன. ஓட்டத் தெரிந்த வேறு ஆள் அன்றைக்கு இல்லை. அரை மணி நேரத்தில் ஹாரன் சத்தம் ஆபீஸ் கண்ணாடியை அதிரவைத்தது. மேனேஜர் யாருக்கோ போன் செய்தார், பிறகு இன்னொருவருக்கு. கடைசியில் வெளியே வந்து, என்ன செய்ய வேண்டுமோ செய்து தொலையுங்கள் என்றார்.

பிராக்கெட்டைக் கழற்றினோம். இருக்கையின் வலது பக்கம், கை சும்மா தொங்கினால் படுகிற இடத்தில், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு துளை போட்டோம். லீவரிலிருந்து பக்கெட்டுக்குப் போகும் கேபிளின் நீளம் போதுமா என்று பதினோரு மாதம் பயமுறுத்தியிருந்தார்கள். போதுமானதற்கு மேலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு துளை. அதற்குத்தான் இரண்டு மெமோ, ஒரு முழங்கால், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஒரு கை.

அளந்தபோது சாக்கை எடுத்தது நான், தப்பு என்னுடையது என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரின் மேஜையில் வைத்தேன். வாங்கி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். மாமாவின் இரண்டு மெமோக்கள் இன்றும் ஃபைலில்தான் இருக்கின்றன. என்னோடு சேர்ந்தவர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள். நான் ஆகவில்லை.

அன்று துளை போட்டு முடித்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாமா ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இறங்கிவந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அன்னிக்கே சொன்னேன்ல, சாக்கு இல்லாம ஆவாதுன்னு. நீ அவனுங்களாண்ட ஷோக்கு காமிச்சிகினு இருந்த."

அவர் கேபின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஷூவக் கழட்டு. ஏறி உக்காரு. மிதி."

ஒரு வருடம் அந்த லீவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்த இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, கதவுக்கு வெளியே நின்று குனிந்துதான் அளந்திருந்தேன். ஏறிச் சாக்கு மெத்தையில் உட்கார்ந்தேன். வெறுங்காலுக்குப் பிரேக் சுட்டது. மாமா கதவைச் சாத்திவிட்டு, வண்டிக்கு முன்னால் போய், தூக்கி நிறுத்தியிருந்த பக்கெட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டு, மிதி என்று மறுபடி கையைக் காட்டினார்.