மழைக்கு நிற்காத விரல்கள்

மழை பிடித்தால் அந்த ஆளின் விரல் இரண்டும் கரைந்து சுவரில் ஒழுகும். ஒரகடம் ரோட்டில் அப்போது எங்கள் கம்பெனியின் வெளிச்சுவர் முழுக்க வான நீலம். அதில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட தொழிலாளி ஒருவர் வலது கையை உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் 'பாதுகாப்பே முதல்' என்று கொட்டை எழுத்து. கொஞ்சம் பலமாகப் பெய்தால் போதும், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சதை நிறத்தில் வழிந்து அந்த எழுத்தின்மேல் இறங்கும். அப்புறம் மீதி மூன்று விரலோடு அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நிற்பார். அது என் கை.

நான் சாத்தூர்ப் பக்கத்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் இங்கே வந்து, தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் டிரெய்னியாக நின்றேன். அந்த மெஷினை இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கித்தான் இறக்க வேண்டும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. உருப்படி வேகமாக விழவேண்டுமென்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். எல்லா மெஷினிலும் அப்படித்தான். ஒருநாள் காலை ஷிப்டில் மெஷின் என் வலது கைமேல் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், வலி உடனே தெரியவில்லை. கையுறை ஏன் இப்படித் தட்டையாகக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று தொழிலாளர் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது! வேலையில் நடந்த விபத்து என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் ஊனத்துக்கான பென்ஷன் கிடைக்கும். இல்லாவிட்டால் மூன்று விரலோடு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். சாட்சி சொல்ல ஒருத்தன் வரவில்லை. இதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் வேலை நிரந்தரம் கிடையாது என்று பர்சனல் ஆபீசர் லைன் லைனாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரே ரூமில் படுத்து ஒரே குண்டானில் சோறு தின்றவன்கள், நான் உள்ளே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்கள். அவன்களை நான் திட்டாத திட்டில்லை. திட்டிவிட்டு, ராத்திரி சோற்றைப் பிசைந்து கொடுக்கவும் அவன்களையே கூப்பிட வேண்டியிருந்தது.

அப்போதுதான் என்னைப் பார்க்க ரூமுக்குப் பெயின்டர் அண்ணன் வந்தார். வாலாஜாபாத் பக்கத்துக்காரர், கம்பெனியின் சுவர், போர்டு, தரையில் போடும் மஞ்சள் கோடு எல்லாம் அவர் கான்ட்ராக்ட். கேன்டீனில் வணக்கம் சொல்லிக்கொள்வதைத் தவிர எங்களுக்குள் பழக்கமில்லை. ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிவந்து, கட்டுப் பிரித்த கையை மணிக்கட்டோடு பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சைக்கிளாமே? நல்லா ஓட்டினே போ" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் ஒழுகியது. யாரோ ஒருத்தர் அந்தப் பொய்யைப் பொய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் அரசாங்கத்தின் பெரிய அதிகாரி ஒருவர் பாதுகாப்பு ஆய்வுக்கு வருகிறாரென்று சுவர்ப் படத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அண்ணன் முகத்துக்கு, ஹெல்மெட்டுக்கு எல்லாம் புது எனாமல் ஏற்றிவிட்டு, அந்த இரண்டு விரலை மட்டும் பின்னாலிருக்கும் வான நீலத்தால் மூடிவிட்டார். பர்சனல் ஆபீசர் குதித்தார். "சரி சார், போட்டுடறேன்" என்று அண்ணன் மறுபேச்சில்லாமல் விரல்களை வரைந்தார். ஆனால் டிஸ்டெம்பரில் வரைந்தார். வீட்டுக்குள் அடிக்கிற தண்ணீர்ப் பெயின்ட் அது. வழவழவென்றிருக்கும் எனாமல்மேல் மழைக்கு நிற்காது. ஐப்பசி மாதம் வேறு. முதல் மழையிலேயே விரல் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போட்டார், மறுபடி போனது. "நான் இன்னா சார் பண்றது, மழ பெய்து" என்றாராம்.

வாயைத் திறக்காத என் கூட்டாளிகள் மழை வரும்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு போவார்களாம். இதைக் கேட்டு எனக்குப் பைத்தியக்கார ஆசை பிடித்துக்கொண்டது. அதிகாரி வருகிற அன்று மழை பெய்யவேண்டும், அவர் அதைப் பார்க்கவேண்டும், பார்த்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும். சாமியிடம் வேறெதுவும் நான் வேண்டவில்லை.

பெய்தது! நான் காலையிலிருந்தே கேட் பக்கம் நனைந்துகொண்டு நின்றேன். அதிகாரி காரைவிட்டு இறங்கிக் குடைக்குள் வந்தார். விரல் இரண்டும் வழிந்துகொண்டிருந்தன. அவர் நின்று பார்த்தார். "என்ன இது, கையில் விரலைக் காணோம்?" என்று அவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. நான் வலது கையை உயரத் தூக்கினேன். மூன்று விரலையும் விரித்துக் காட்டினேன். "மட்டமான பெயின்ட் சார்" என்று சிரித்தார் பர்சனல் ஆபீசர். அதிகாரியும் சிரித்தார். வாட்ச்மேன் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, "போய்டுபா, என் வேலையும் போய்டும்" என்றார். லோடிங் வாசலில் என் லைன் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் தலை குனிந்திருந்தது.

அன்றைக்கே சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். அண்ணனுக்கு அங்கேயும் வேலை இல்லை, சுற்றுவட்டத்தில் வேறெந்தக் கம்பெனியிலும் இல்லை என்றாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றார். மறைமலை நகர்ப் பக்கம் வேலை தேடிப் போவதாகச் சொன்னார். என்னால்தானே அண்ணே என்று அழுதேன். "சும்மா இரு. இத்தினி வருசமா செவுத்துல எழுதுனதுல அது ஒண்ணுதான் நெசம்" என்றார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை. எனக்குப் பென்ஷனும் வரவில்லை. ரெக்கார்டில் நான் இன்றைக்கும் சைக்கிளிலிருந்து விழுந்தவன்தான்.

இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு வேலையாக ஒரகடம் போனவன், அந்தக் கேட்டுக்கு எதிரே மழைக்கு ஒதுங்கினேன். ரோட்டை அகலப்படுத்தியதில் பழைய சுவரே இல்லை. அந்த இடத்தில் மின்சாரப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். 'விபத்தில்லா நாட்கள்' என்று சிவப்பில் எரிகிறது, கீழே பெரிய எண். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல மழை. பலகையில் எதுவும் கரையவில்லை.